யாழ்ப்பாணமும் இருதய வைத்திய உயர்கல்வியும்

அளவெட்டியிலிருந்து மேற்கே சைக்கிளிற் சென்றால் அரைமணி நேரத்துக்குள் பண்டத்தரிப்பை அடைந்துவிடலாம். தெற்கே இன்னுஞ் சிறிது தூரம் மிதித்தால் மானிப்பாய். மேலைநாட்டு வைத்தியத்தை மிசன் பணியாக ஆசியாவுக்குக் கொண்டுவந்த முதல் அமெரிக்க வைத்தியர் குடியேறிய ஊர் முன்னது. அவ்வைத்தியம் தமிழிலே முறையாகக் கற்பிக்கப்பட்ட ஊர் பின்னது. இவ்விரண்டு ஊர்களுக்கும் அயலிலே வாழும் நம்மவர்க்கு இச்செய்தி பெரிதாகத் தெரிவதில்லை. நெஞ்சிலே நோவு வந்தால் கொழும்புக்குப் போகவேண்டும், வசதி இருந்தால் சென்னைக்கோ வேலூருக்கோ போகவேண்டும் என்பதே நீண்ட காலமாக நாம் அறிந்த வைத்திய வரலாறு.

சென்ற தைப்பொங்கல் விடுமுறையில் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். வைத்தியப் பட்டம் பெற்று அரசாங்க வைத்தியசாலையொன்றிற் பணிபுரிகின்றாள். இருதய வைத்தியத்தில் மேற்படிப்புக்குப் போக விரும்புகின்றாள். "எங்கே போகவேணும், என்ன பரீட்சை எழுதவேணும் எண்டது தெரியும் சேர். போய்ப் படிச்சுத் திரும்பி வந்து எதை ஆராயிறது எண்டதுதான் தெரியேல்லை" என்றாள். நான் தமிழ் படித்தவன்; வைத்தியம் அறியாதவன். அவளுக்கு விடை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அவள் கேட்டது வைத்தியக் கேள்வி மாத்திரமன்று. ஓர் அறிவு எங்கே விளைகிறது, எந்த மொழியிலே பேசுகிறது, யாரைத் தேடித் திரும்பி வருகிறது என்ற வரலாற்றுக் கேள்வியும் அதனுள் இருக்கிறது. இக்கட்டுரை அவளுக்கு நான் அன்று சொன்னவற்றின் விரிவு.

இருதயத்தைப் பற்றிய நவீன அறிவே ஒரு மாணவனின் வெளிநாட்டுப் பயணத்தோடு தொடர்புடையது. வில்லியம் ஹார்வி கேம்பிரிட்ஜிலே 1597இல் பட்டம் பெற்றவர். மேற்படிப்புக்கு இங்கிலாந்து போதாதென்று இத்தாலியின் பாதுவாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று 1602இல் வைத்தியராக வெளியேறினார். அங்கே உடற்கூறு கற்பித்த ஃபப்ரீசியஸ் என்னும் பேராசிரியர், நாளங்களின் உட்புறத்தே சின்னஞ்சிறு வால்வுகள் இருப்பதை மாணவர்க்குக் காட்டியவர். அவை எதற்காக இருக்கின்றன என்பதை அவர் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. விளங்காத பொருளை மறைக்காமல் மாணவர் முன் எடுத்துக் காட்டினாரே, அதுவே அவர் செய்த பேருதவி.

அக்காலத்து ஐரோப்பா, கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலே வாழ்ந்த கேலனின் சொல்லையே வேதமாகக் கொண்டிருந்தது. உண்ட உணவு ஈரலிலே குருதியாக மாறி, உடலெங்கும் பாய்ந்து, அங்கங்கே செலவாகிவிடும் என்பது கேலன் கொள்கை. ஹார்வி லண்டனுக்குத் திரும்பி வந்து, பல ஆண்டுகள் விலங்குகளையும் மனிதரையும் சோதித்து, ஓர் எளிய கணக்கைப் போட்டார். இருதயம் ஒருமுறை சுருங்கும்போது வெளியேறும் குருதி இவ்வளவு. அரைமணி நேரத்தில் இத்தனை முறை சுருங்குகிறது. அப்படியானால் அந்த அரைமணியில் வெளியேறும் குருதி உடலில் உள்ள மொத்தக் குருதியையும் விஞ்சிவிடுகிறதே! இவ்வளவையும் உணவிலிருந்து அந்நேரத்துக்குள் ஆக்குவது எங்ஙனம்? அதே குருதிதான் சுற்றிச் சுற்றி வருகிறது என்பதைத் தவிர வேறு விடை இல்லை. 1628இல் இலத்தீனில் வெளியான அந்நூல் 72 பக்கங்கள் மாத்திரமே கொண்டது. அதிலுள்ள படங்கள் யாவும் மனிதனின் முன்கையைக் காட்டுவன. மேற்கையிலே ஒரு துணியை இறுகக் கட்டினால் முன்கை நாளங்கள் புடைத்து எழும். ஆங்காங்கே முடிச்சுப் போன்ற வால்வுகள் தெரியும். விரலால் அழுத்தித் தடவினால் குருதி நெஞ்சை நோக்கிப் போகுமேயன்றிக் கையை நோக்கித் திரும்பாது. ஒரு துணிக்கட்டும் ஒரு விரலுமே ஹார்வி இதற்குக் கையாண்ட கருவிகள்.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கைப் பாடநூல்கள் இருதயத்திலிருந்து குருதியை எடுத்துச் செல்லும் குழாயை நாடி என்றும், இருதயத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் குழாயை நாளம் என்றும் வழங்குகின்றன. தமிழ்நாட்டார் முன்னதைத் தமனி என்பர், பின்னதைச் சிரை என்பர். இரண்டும் நல்ல தமிழ்நூல் வழக்குகளே. ஒரே மொழியினர் ஒரே உறுப்புக்கு இரு பெயரிட்டுக்கொண்டு, இரண்டையும் உயர்கல்வியின் வாயிலிலே விட்டுவிட்டு உள்ளே போவதுதான் வருத்தத்துக்குரியது.

நாடி என்ற சொல் நமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்து மன்னர்களின் பெயரால் வழங்கும் பரராசசேகரம், செகராசசேகரம் ஆகிய வைத்திய நூல்களைக் கற்ற பரியாரிமார் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து வாதம், பித்தம், கபம் பார்த்தனர். மாரடைப்பு என்ற சொல்லையும் நமது வைத்தியமே தந்தது. அவ்வறிவை இகழ்வது நமது நோக்கமன்று; தலைமுறை தலைமுறையாக ஏழை மக்களின் கட்டிலருகே நின்றது அதுவே. எனினும் அது தந்தையிடமிருந்து மகனுக்கும் மருமகனுக்கும் போன அறிவு. குடும்பத்துக்கு வெளியேயிருந்த ஒருவன், அதிலும் தாழ்த்தப்பட்டவன் என்று ஒதுக்கப்பட்டவன், அந்த ஏட்டைத் தொட்டுப் படித்திருக்க முடியுமா? உடலை அறுத்துப் பார்த்துச் சொல்லும் வழக்கமும் அதற்கில்லை. நமது அகப்பாடல்களிலே நெஞ்சு என்பது தலைவனும் தலைவியும் பேசிக்கொள்வதற்கு வாய்த்த துணை. அது குருதியை இறைக்கும் ஒரு தசை என்று அறிவதற்கு நாம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

அந்த அறிவு இங்கே வந்தது கப்பலேறி. நியூயோர்க்கிலே வைத்தியத் தொழில் நடத்திய ஜோன் ஸ்கடர் 1819ஆம் ஆண்டு இறுதியில் இலங்கைக்கு வந்து, 1820இல் பண்டத்தரிப்பில் அமர்ந்தார். பிரான்சிலே லாயென்னெக் என்பவர் தாளைச் சுருட்டிக் குழலாக்கி நோயாளியின் நெஞ்சொலியைக் கேட்டு, செவிக்குழல் என்ற கருவிக்கு வழிசெய்து அப்பொழுது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஸ்கடர் 1836இல் சென்னைக்கு மாறினார். அவர் குடும்பத்தைப் பற்றிப் பின்னர்க் கூறவேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் வைத்தியக் கல்வியை வேரூன்றச் செய்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் ஊஸ்டர் என்ற நகரில் 1822இல் பிறந்தவர், 1847இல் இங்கு வந்தவர், மானிப்பாயிலே நிலைகொண்டவர். இடையில் தாயகம் சென்று மீண்டும் வந்து, 1873 வரை பணியாற்றினார். மதமாற்றத்துக்காக வந்த மனிதர் அவர். அதை மறைக்கவேண்டிய அவசியம் நமக்கில்லை. ஊஸ்டரில் உள்ள அவர் கல்லறையும் அவரைத் தமிழருக்கு வந்த வைத்தியப் போதகர் என்றே கூறுகிறது. ஆனால் வந்த நோக்கம் ஒன்று, செய்த வேலையின் பயன் வேறொன்று என்பது வரலாற்றில் அரிதான காட்சியன்று.

கிறீன் முதலில் மாணவர்களுக்கு ஆங்கிலத்திலேதான் வைத்தியம் கற்பித்தார். சில ஆண்டு அனுபவத்தின் பின் அவர் கண்டது யாதெனின், ஆங்கிலத்திலே படித்தவன் ஊரில் நிற்கமாட்டான் என்பதே. அரசாங்க உத்தியோகமும் பட்டினத்துச் சம்பளமும் அவனை இழுத்துக்கொண்டுபோகும். தமிழிலே படித்தவனோ தன் மக்கள் நடுவில், அவர்கள் மொழியில், அவர்கள் வாசலில் வைத்தியம் பார்ப்பான். 1860களில் அவர் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். மிசனரி ஒருவர் கண்ட இந்த உண்மையைச் சுதந்திர நாட்டின் கல்வி அதிகாரிகள் இன்றளவும் கண்டுகொள்ளவில்லை.

தமிழில் கற்பிக்கத் தமிழ் நூல் வேண்டுமே! கிறீனும் அவர் மாணவரும் அமர்ந்து மொழிபெயர்த்தனர். கட்டர் எழுதிய உடலியல் நூல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்ற பெயரோடு 1857இல் வந்தது. துரூயிற் என்பவரின் அறுவை நூல் 'இரண வைத்தியம்' என 1867இல் வந்தது. 1872இல் வந்தது 'மனுஷ அங்காதிபாதம்'. ஹென்றி கிறே லண்டனிலே தன் பெயர்பெற்ற உடற்கூற்று நூலை முதன்முதல் வெளியிட்டது 1858இல். உலகத்து வைத்திய மாணவர் யாவரும் கையில் வைத்திருந்த அந்நூல் பதினான்கே ஆண்டுகளில் தமிழுக்கு வந்துவிட்டது. 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்', 'மனுஷ சுகரணம்' என்று அந்த வரிசை நீண்டு நாலாயிரம் பக்கங்களைத் தாண்டியது. கிறீனிடம் வைத்தியம் கற்று வெளியேறியோர் அறுபதுக்கு மேற்பட்டோர்.

அந்த நூற்பெயர்களைத் தமிழாசிரியன் கண்ணோடு பார்க்கும்பொழுது எனக்கு ஒருபுறம் சிரிப்பும் ஒருபுறம் மதிப்பும் உண்டாகின்றன. சுகரணம், உற்பாலனம் என்ற சொற்கள் இன்று எவருக்கும் விளங்கா. கெமிஸ்தம் என்பது ஆங்கிலச் சொல்லுக்கு வேட்டி உடுத்தியது போல இருக்கிறது. வடமொழி மிகுதி, நடை கரடுமுரடு. தனித்தமிழ் அன்பர்கள் குறைகூற நிறைய இடமுண்டு. ஆனால் ஒரு சொல்லை ஆக்கி, வகுப்பிலே வைத்துப் பயன்படுத்தி, அதனைக் கொண்டு ஓர் ஏழைத் தாயின் பிள்ளைப்பேற்றையோ ஒரு தோட்டக்காரனின் புண்ணையோ கவனித்த பின்னர்தான் அச்சொல்லின் தகுதியைப் பேசமுடியும். சொற்குழுக் கூட்டங்களில் பிறந்து பட்டியலிலேயே இறந்துபோன சொற்கள் நம்மிடம் ஆயிரக்கணக்கில் உள்ளன. கிறீனின் சொற்கள் நோயாளியின் கட்டிலருகே உழைத்த சொற்கள்.

அந்த வகுப்பு நீடிக்கவில்லை. 1870இல் குடியேற்ற அரசாங்கம் கொழும்பிலே வைத்தியப் பாடசாலையைத் தொடங்கியது. வன்னியிலே மக்கள் நோயால் அருகிவருவதை ஆராய்ந்து அறிக்கை செய்த வைத்தியர் லூஸ் அதன் முதல் தலைவரானார். வடபுலத்துக் காடுகளில் மடிந்த ஏழைகளின் பெயரால் எழுந்த அப்பாடசாலை ஆங்கிலத்திலே கற்பித்தது. அரசாங்க உத்தியோகத்துக்கு ஆள் சேர்த்தது. பட்டத்துக்கு மேலே ஏறுவதாயின் லண்டனுக்கோ எடின்பரோவுக்கோ போய் அங்குள்ள றோயல் கல்லூரிகளின் பரீட்சையில் தேறவேண்டும். இவ்வாறாக, படிக்குமேல் படியாக உயர உயர, மாணவன் ஊரிலிருந்து விலகி விலகிப் போகும் ஏணியொன்று அமைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கம் அந்த ஏணியைப் பெருமையோடு பற்றிக்கொண்டது. புகையிலைத் தோட்டத்திலே தகப்பன் சிந்திய வியர்வை மகனை லண்டனுக்கு அனுப்பியது. அவன் அனுப்பிய காசு தங்கைக்குச் சீதனமாயிற்று. அறிவு மாத்திரம் திரும்பி வரவில்லை.

இனி ஸ்கடர் குடும்பத்துக்கு வருவோம். பண்டத்தரிப்பிலே பணி தொடங்கிய அந்த வைத்தியரின் மகன் ஒருவர் யாழ்ப்பாண மண்ணிலே 1835இல் பிறந்து, பின்னர்த் தமிழ்நாட்டிலே வைத்தியப் பணி புரிந்தவர். அவருடைய மகளே ஐடா ஸ்கடர். 1900இல் வேலூரிலே ஒரே கட்டிலோடு வைத்தியத்தைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென ஒரு வைத்தியப் பாடசாலையை நிறுவினார். ஆண்கள் அங்கே சேர்க்கப்பட்டது 1947இல்தான். 1940களின் இறுதியில் பொஸ்டனிலிருந்து வந்த வைத்தியர் ரீவ் பெற்ஸ் அங்கே நெஞ்சறை அறுவைக்கெனத் தனிப் பகுதியை ஏற்படுத்தினார். இந்தியாவிலே இருதயத்தைத் திறந்து செய்த சத்திரசிகிச்சைகளுள் மிகத் தொடக்கத்தனவற்றுள் ஒன்று 1961இல் வேலூரிலே நடைபெற்றது. யாழ்ப்பாணத்து நோயாளர் பலர் பாக்குநீரிணையைக் கடந்து வேலூருக்குப் போன கதையை நமது ஊர்ப் பெரியோர் இன்றும் சொல்வர். அவர்கள் தேடிப் போன வைத்தியத்தின் பாட்டன் ஒருகாலத்தில் அயற்கிராமத்திலே குடியிருந்தவர் என்பதை அவர்களுள் எத்தனைபேர் அறிந்திருந்தனரோ!

வேலூர் அறுவையிலே முன்னேறிய அக்காலத்தில், ஆராய்ச்சி என்பது எவ்வாறு தொடங்கவேண்டும் என்பதை டில்லியிலே ஒரு தமிழ்ப் பெண் காட்டிக்கொண்டிருந்தார். சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி பர்மாவிலே 1917இல் பிறந்தவர், இரங்கூனிலே வைத்தியம் படித்தவர், யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர். லண்டனிலும் பின்னர் அமெரிக்காவிலும் இருதய வைத்தியத்திலே உயர்பயிற்சி பெற்று, 1950களின் தொடக்கத்திலே டில்லிக்கு வந்து பெண்கள் வைத்தியக் கல்லூரியொன்றில் ஆசிரியரானார். இந்தியாவின் முதல் பெண் இருதய வைத்திய நிபுணர் எனப் போற்றப்படுபவர் அவரே. பட்டப்பின்படிப்பாக இருதய வைத்தியத்தை இந்தியாவிலேயே படிப்பதற்கான முதலாவது உயர்பட்ட வகுப்பும் 1967க்குப் பின் அவர் தலைமையிலே டில்லியில் தொடங்கியது. 2020இல், தமது 103ஆம் வயதிலே, கொரோனாத் தொற்றினால் காலமானார்.

இப்பெருமைகளை விட எனக்கு முக்கியமாகப் படுவது 1959இல் அவரும் ஒரு சக வைத்தியரும் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி. நுரையீரல் நோயினால் இருதயத்தின் வலப்பாகம் வீங்கிச் சோர்ந்துபோன 127 நோயாளரை அவர்கள் ஆராய்ந்தனர். மேலைநாட்டுப் புத்தகத்தின்படி இது புகைபிடிக்கும் ஆண்களின் நோய். டில்லியிலோ பெண்களும் பெருந்தொகையினராக, அதுவும் இளவயதினராக வந்தனர். அவர்கள் சுருட்டோ சிகரெட்டோ குடிப்பவர் அல்லர். பின்னர் எந்தப் புகை? வரட்டியும் விறகும் எரியும் அடுப்பின் புகை! புகைபோக்கியில்லாத சமையலறையிலே, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்காக ஊதிய அடுப்பின் புகை. லண்டனிலும் அமெரிக்காவிலும் பத்மாவதி கற்றுவந்த கருவிகளும் முறைகளும் அங்கே உதவின. ஆனால் கேள்வி டில்லி ஏழைப் பெண்ணின் அடுப்படியிலே பிறந்தது. உயர்கல்வி பெற்றுத் திரும்பியவர் வேறு. திரும்பி வந்தும் மனத்தளவில் அங்கேயே தங்கிவிடுபவர் வேறு.

கீல்வாதக் காய்ச்சல் என்ற நோயும் இத்தகையதே. நெருக்கடியான வீடுகளிலே பிள்ளைகளுக்குத் தொண்டைநோவாகத் தொடங்கி, மூட்டுகளிலே வீங்கி, பின்னர் இருதய வால்வுகளைச் சிதைத்துவிடும். பணக்கார நாடுகளில் வீட்டுவசதி பெருகியதோடும் பெனிசிலின் பரவியதோடும் அது ஏறத்தாழ மறைந்துவிட்டது; ஆகவே அங்குள்ள ஆராய்ச்சியாளர்க்கு அதில் அக்கறையும் குறைந்துவிட்டது. எங்கள் ஒழுங்கையிலே அந்த நோயோடு வளர்ந்த ஓர் அக்கா இருந்தார். மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை ஊசி போடவேண்டும். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபொழுது நான் சிறுபிள்ளை. மழையிலே நாவற்குழிப் பாலத்தை நோக்கி அசைந்த சனத்திரளில் அந்த அக்கா இருபதடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கியது மாத்திரம் ஞாபகமிருக்கிறது. அவருடைய ஊசி எங்கே, எப்போது தவறியது என்று யாரும் பதிந்து வைக்கவில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு வைத்திய பீடம் வந்தது 1978இல். வைத்திய பீட அனுமதிக்குத் தமிழ் மாணவர் கூடுதல் புள்ளி பெறவேண்டும் என 1970களின் தொடக்கத்தில் விதிக்கப்பட்ட அநீதியின் சூடு தணியாத காலம் அது. கைதடியிலே, சுதேச வைத்தியத்துக்கென எழுந்த கட்டிடத்திலே முதல் வகுப்புகள் நடைபெற்றன. நமது இலக்கிய வாசகர் நன்கறிந்த 'மலைக்கொழுந்து' நாவலாசிரியர் நந்தி, பேராசிரியர் சிவஞானசுந்தரமாக அங்கே சமுதாய வைத்தியம் கற்பித்தார். தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் வாழ்வை எழுதிய கையே வைத்திய மாணவர் எவ்வாறு ஆராய்ச்சி செய்யக் கற்கவேண்டும் என்பதற்கும் ஒரு வழிகாட்டி நூலை எழுதியது. யுத்த காலத்திலே யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த நூல் அது. ஆராய்ச்சி என்பது பெரிய கூடமும் பெரிய பணமும் உள்ளவர்க்கே உரியது என்ற மயக்கத்தை அவர் ஏற்றவரல்லர்.

1980இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டப்பின் வைத்தியக் கல்வி நிறுவனம் அமைந்தபின், நிபுணராவதற்கு லண்டன் பரீட்சை கட்டாயம் என்ற நிலை மாறியது. எனினும் உயர்பட்டம் பெற்றவரும் வெளிநாட்டிலே பயிற்சி பெற்றுவந்த பின்னரே நிபுணராக ஏற்கப்படுவர். அப்பயிற்சியை நாம் குறைகூறவில்லை. கடலுக்கு அப்பால் போகாத அறிவு குளத்து நீர்போல் தேங்கிவிடும். ஆனால் 1983இன் பின் போனவர்களுள் பெரும்பாலோர் வரவில்லை. வரக்கூடிய நாடாக இது இருக்கவுமில்லை. 1987 ஒக்ரோபர் 21, 22ஆம் திகதிகளில் இந்தியப் படையினர் யாழ்ப்பாண வைத்தியசாலையினுள் புகுந்து சுட்டதில் வைத்தியர்களும் தாதியரும் நோயாளருமாக எழுபதுபேர் வரை உயிரிழந்தனர். அப்படிப்பட்ட இடத்துக்குத் திரும்பி வா என்று யாரை அழைப்பது?

ஒருவர் வந்தார். ரஜனி திராணகம. 1954இல் பிறந்தவர், கொழும்பிலே வைத்தியம் படித்தவர், யாழ்ப்பாணத்திலே உடற்கூற்றியல் ஆசிரியராயிருந்து, 1983இல் புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்தின் லிவர்பூலுக்கு மேற்படிப்புக்குச் சென்றவர். அவரை மனித உரிமைப் போராளியாகவும் 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களுள் ஒருவராகவும் நாடறியும். அவர் எதை ஆராய்ந்தார் என்பதைச் சிலரே அறிவர். குருதிக் குழாய்களையே ஆராய்ந்தார். குறிப்பாக, மனிதனுக்கும் குரங்கினங்களுக்கும் முன்கையிலே தோலின் கீழ் ஓடும் நாளங்கள் எவ்வாறு அமைந்துள்ளன, எங்கே ஒத்துள்ளன, எங்கே வேறுபடுகின்றன என்பது அவரும் அவருடைய சக ஆராய்ச்சியாளரும் எழுதிய கட்டுரையொன்றின் பொருள். பிரித்தானியாவின் உடற்கூற்றியல் ஏடு அதை 1989இல் வெளியிட்டது. ஹார்வி துணிகட்டிக் காட்டினாரே, அதே முன்கை நாளங்கள்!

ஒரு குரங்கின் கைநாளத்தால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். பயனை உடனே எண்ணிக் காட்டமுடியாத அறிவை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடுவது முற்போக்கன்று. ஃபப்ரீசியஸ் காட்டிய வால்வுக்கும் அன்று எந்தப் பயனும் தெரிந்திருக்கவில்லை. மரத்திலே தொங்கிய கை எவ்வாறு உழைக்கும் கையாயிற்று என்பது மனிதனின் வரலாற்றிலே மிகப் பெரிய கேள்வி. அக்கேள்வியின் ஒரு சிறு துண்டுக்கு விடை தேடியவர் நமது பல்கலைக்கழகத்தின் ஆசிரியை. லிவர்பூலிலோ லண்டனிலோ அவர் இருந்திருக்கலாம். ஆராய்ச்சிக்கு அங்கே வசதியும் உண்டு. அவர் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி, ஆசிரியரில்லாது தவித்த உடற்கூற்றியல் துறையின் தலைமையை ஏற்று, எறிகணைக்கும் ஊரடங்குக்கும் நடுவே மாணவரைப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தினார். 1989 செப்ரெம்பர் 21ஆம் நாள் சைக்கிளிலே வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 35.

இதை நான் சொன்னபொழுது என் மாணவி நெடுநேரம் பேசாதிருந்தாள். அவர் பெயர் வைத்திய பீடத்திலே அவளுக்குத் தெரிந்திருந்தது. நாளங்களைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை.

இன்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலேயே இருதயத்தைத் திறந்து சத்திரசிகிச்சை நடைபெறுகிறது. நமது தலைமுறையிலே நிகழ்ந்த பெருமாற்றம் இது, பாராட்டப்படவேண்டியது. ஆனால் சிகிச்சை வந்துவிட்டது என்பதால் ஆராய்ச்சியும் வந்துவிட்டதாகாது. நோயின் காரணங்களை இன்னமும் பிறர் சொல்லக் கேட்டே அறிகிறோம். கிறீன் பிறந்த ஊஸ்டருக்கும் பொஸ்டனுக்கும் இடையே பிராமிங்காம் என்றொரு நகரம் உண்டு. 1948இல் அந்நகரத்து மக்கள் 5,209 பேரைத் தெரிந்தெடுத்து, அவர்களுக்கு நோய் வருமுன்னரே சோதித்து, ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தனர். உயர் குருதியமுக்கம், கொழுப்பு, புகைபிடித்தல் ஆகியன இருதய நோய்க்கு வழிவகுக்கும் என்ற அறிவு பெரும்பாலும் அந்தச் சிறு நகரத்து மக்களின் நெஞ்சிலிருந்து எழுதப்பட்டதே. ஒரு சாதாரண ஊரும் உலகுக்குப் பாடஞ் சொல்லலாம் என்பதை அது காட்டியது. அந்த ஊர் அளவெட்டியாக இருக்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

கேரளத்திலே பிறந்து கனடாவிலே ஆராயும் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான பேராய்வு, மாரடைப்புக்கான காரணங்களில் பத்தில் ஒன்பது பங்கை ஒன்பது விடயங்களுக்குள் அடக்கிக் காட்டியது. இலங்கை உட்பட்ட தென்னாசியருக்கு மாரடைப்பு ஏனைய மக்களை விடச் சில ஆண்டுகள் முந்தியே வருகிறது என்பதும் அதிலிருந்தே தெளிவாயிற்று. ஏன் முந்துகிறது? நமது செம்மண்ணிலே என்ன விளைந்தது என்று பாருங்கள். திருவிதாங்கூருக்குப் போன புகையிலை நமது கல்வீடுகளைக் கட்டியது, பள்ளிக்கூடங்களை எழுப்பியது, வைத்தியரையும் உண்டாக்கியது. அதே புகையிலை சுருட்டாகவும் வெற்றிலையோடும் நமது வாய்க்குள் போயிற்று. சுருட்டுக் கொட்டிலில் நாள்முழுதும் குந்தியிருந்து இலை சுற்றிய தொழிலாளியின் நெஞ்சை யார் ஆராய்ந்து எழுதினார்கள்? துலா மிதித்து நீரிறைத்த தலைமுறை போய், நீர்ப்பம்பியின் ஆளியைத் தட்டும் தலைமுறை வந்துவிட்டது. உணவோ அதே மலைபோன்ற சோறு. இடம்பெயர்வின் அச்சமும், காணாமற்போனவரை எதிர்பார்த்திருக்கும் தாயின் நெஞ்சும் எந்த ஒன்பது காரணங்களுள் எவ்வளவு அடங்கும்? இவற்றைக் கேட்பதற்குத் தோட்டக்காரனின் மொழி வேண்டும். படலையைத் திறந்துகொண்டு போய், முற்றத்திலே இருந்து, தேநீர் குடித்துக்கொண்டு கேட்கவேண்டிய கேள்விகள் இவை. உயர்தர வகுப்பு வரை நாடி, நாளம் என்று தமிழிலே கற்ற பிள்ளை வைத்திய பீடத்தின் முதல் நாளோடு அச்சொற்களை இழந்துவிடுகிறது. பின்னர் நோயாளியிடம் கேட்கும்பொழுதே அவை மீண்டும் தேவைப்படுகின்றன.

புறப்படுமுன் அவள் என் மேசையிற் கிடந்த ஹார்வியின் படத்தைப் பார்த்தாள். தன் கைக்குட்டையை எடுத்து, விறாந்தையிலே ரியூசனுக்கு வந்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் மேற்கையிலே இறுகக் கட்டினாள். நாளங்கள் புடைத்தன. ஒரு விரலை வைத்து அழுத்தி, மறுவிரலால் நெஞ்சுப் பக்கமாகத் தடவி, நடுவிலே நாளம் வெறுமையாகக் கிடப்பதைக் காட்டினாள். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டனர். "அக்கா, கீழ விரலை எடுத்தா என்ன நடக்கும்?" என்று அவன் கேட்டான். "நீயே எடுத்துப் பார்" என்றாள். தை மாதத்தின் பின் அவள் தேர்வுப் பரீட்சைக்கு விண்ணப்பித்துவிட்டதாகக் கடிதம் வந்தது. வலிகாமத்திலே புகையிலைத் தோட்டம் செய்த ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்பதற்கென இருபத்திரண்டு கேள்விகளைத் தமிழில் எழுதி, பிழை திருத்தித் தருமாறு அதனோடு அனுப்பியிருந்தாள். ஏழாவது கேள்வியிலே ஒரு சந்திப்பிழை இருந்தது.